பெரட்டில் கூப்பிட்ட பேர்

அக்கா,

விடிந்ததிலிருந்து மழை. இன்றைக்கு ரப்பர் மரம் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் மரத்தில் கட்டிய மங்கில் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும். சும்மா உட்காரக் கை கேட்கவில்லை. தகரப் பெட்டியை இழுத்துத் துணிகளை உதறி மடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அடியில் உங்கள் தலைத்துணி இருந்தது. வேலைக்குப் போகும்போது சுற்றிக் கட்டுவீர்களே, அந்தப் பச்சைத் துணி. பச்சை எங்கே தெரிகிறது. பால் பட்டுப் பட்டுக் கறுத்து, தோல் மாதிரி விறைத்துக் கிடக்கிறது. பிரித்ததும் ஒட்டுப்பால் வாடை குப்பென்று அடித்தது.

மரத்திலும் மங்கிலும் காய்ந்து ஒட்டியதைச் சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு வருவோமே, அந்த அழுகல் வாடை. தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது உங்கள் வாடை. துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். என் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. அவளுக்கு அவள் யோசனை. மழை விட்டதும் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஊரில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன், நடவு தொடங்கியதும் வீட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மிச்சத்தில்தான் எழுதுகிறேன், மகளுடைய பழைய பள்ளிக்கூடக் காகிதத்தில், பென்சிலால். தப்பு இருக்கும். உங்களுக்குப் படிக்கத் தெரியாது, இனிமேல் படிக்கப் போவதுமில்லை. அதனால் கூச்சமில்லை.

லாயாங் லாயாங் என்கிற ஸ்டேஷனில் நான் ரயிலை விட்டு இறங்கிய நாள் நினைவிருக்கிறதா அக்கா. நீங்களும் மூத்தாரும் அதற்கு முன்பே இந்தத் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். தம்பியையும் என்னையும் வரச் சொல்லி மூத்தார் கடுதாசி போட்டார், நாங்கள் கப்பலேறி வந்தோம். ஓரகத்தி வருகிறாள் என்று வேலையை முடித்த கையோடு ஸ்டேஷனுக்கு வந்து நின்றீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். என் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“இந்தக் கைய வச்சுக்கிட்டா மரம் வெட்டப் போற?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாளே என்று நினைத்தேன். பக்கத்துப் பக்கத்து வீடு கொடுத்தார்கள். நடுவில் ஒரு பலகைச் சுவர். அம்மி இரண்டு வீட்டுக்கும் பொது. என்னத்துக்கோ சண்டை வந்து, அம்மி உங்கள் வாசலில் இருக்க, குழவியை நான் தூக்கிக்கொண்டு போய் என் அடுப்படியில் வைத்துக்கொண்டேன். நீங்களும் அரைக்க முடியாது, நானும் அரைக்க முடியாது. ஒரு வாரம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் உப்பும் புளியும் மட்டும் போட்ட குழம்பைத் தின்றார்கள். கடைசியில் மூத்தார்தான் வந்து, ஒருத்தியிடம் தலை இருக்கிறது, ஒருத்தியிடம் உடம்பு இருக்கிறது, இரண்டையும் சேருங்கள் என்று கெஞ்சினார். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நமக்குள் பெரிய சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. சின்னச் சண்டைகள் நிற்கவே இல்லை.

மரம் வெட்ட எனக்குக் கை வந்துவிட்டது. பெரட்டில் நிற்கவும் பழகிவிட்டேன். இருட்டோடு தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள், எல்லோரும் வாளியும் கத்தியுமாக ஆபீசுக்கு முன்னால் வரிசை கட்டுவோம், கணக்கு எழுதுகிற கிராணி ஹரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆள் கூப்பிடுவார். ஆம்பிளைகளை அவரவர் பேரில் கூப்பிடுவார். பொம்பிளைகளுக்குப் புருஷன் பேர். இன்னார் பெண்சாதி, இன்னார் பெண்சாதி. அந்தப் பேரை இந்தக் கடுதாசியில்கூட நான் எழுத மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கொழுந்தனார் பேரைச் சொல்லி, பெண்சாதி என்று கூப்பிட்டால் நான் “வந்தேன் ஐயா” என்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஊரிலும் இன்னார் மகள் என்றுதான் கூப்பிட்டார்கள்.

உங்களுக்குத்தான் உறுத்தியது. பால் சுமந்து ஸ்டோருக்குப் போகிற பாதையில் சொன்னீர்கள்.

“மரத்த வெட்டுறது என் கை புள்ள. கூப்பிடுறது அவரு பேரு. நான் எங்க இருக்கேன் இதுல?”

இங்கே என் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், வாளி தளும்புகிறது, பார்த்து நடங்கள் என்றேன்.

பிறகு செல்லிக்கு நடந்ததைப் பார்த்தோம். கடைசி வீட்டில் இருந்தாளே, பேசவே பேசாத பெண். அவள் புருஷன் மெர்சிங் பக்கம் காட்டு மர வேலைக்கு என்று போனவன் போனவன்தான். கிராணி புத்தகத்திலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டார்கள். மறுநாள் பெரட்டில் அவன் பேரும் இல்லை, அவன் பெண்சாதி என்ற பேரும் இல்லை. எல்லோரும் மரம் வெட்டக் காட்டுக்குக் கிளம்பிய பிறகும் அவள் வாளியோடு அங்கேயே நின்றிருந்தாள். ஆள் நிற்கிறாள், கூப்பிடப் பேர் இல்லை. கங்காணி வந்து, ஆம்பிளை இல்லாமல் வீடு கிடையாது என்று சொல்லி, பால் ஸ்டோரில் வேலை செய்த ஒருவனுக்குச் சோறாக்கிப் போடச் சொன்னார். அடுத்த வாரம் அவன் பேரைச் சொல்லி, பெண்சாதி என்று கூப்பிட்டார்கள். செல்லி “வந்தேன் ஐயா” என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம் யாழ்ப்பாணத்துக் கிராணி வந்தார். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, அதட்டாத குரல். பழைய கிராணிக்கு எங்கள் முகம் தெரியும். இவருக்கு யாரையும் தெரியாது. அதனால் முதல் நாள் வரிசையில் நடந்து ஒவ்வொருத்தியாக விசாரித்தார்.

“உம்மட புருசன்ர பேர் என்ன?”

பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவள் முந்தானையைக் கடித்தாள். அடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பால் குடிக்கிற நாளிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருத்தி, பழனியில் இருக்கிற சாமி பேர் என்றாள். ஒருத்தி, சித்திரைக்கு முந்தின மாசத்துப் பேர் என்றாள். கிராணி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விடுகதைக்கு விடை தேடுகிறவர் மாதிரி திணறினார். என்னிடம் வந்தபோது எனக்குச் சாமியும் தோன்றவில்லை, மாசமும் தோன்றவில்லை. “அதோ நிக்கிறாரே” என்று கையை நீட்டினேன்.

அந்த இருட்டில் யார் எங்கே நிற்கிறார் என்று நான் பார்த்தேனா. மறுநாள் பெரட்டில், மாட்டு வண்டி ஓட்டுகிற கிழவர் பேரைச் சொல்லி, பெண்சாதி என்று கூப்பிட்டார். கலியாணமே செய்துகொள்ளாத மனுஷன். வரிசை முழுக்கச் சிரிப்பு. கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து, “ஐயா, எனக்கு எப்ப ஆச்சுன்னு சொன்னா நானும் வந்திருப்பேனே” என்றார். அதற்கு இன்னும் சிரிப்பு. உங்கள் கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோற்றுப் பானையைக் காலால் தள்ளினார். நாலு பேர் முன்னால் இன்னொருத்தன் பெண்சாதி ஆகிவிட்டாயே என்று கையை ஓங்கினார். பலகைச் சுவர்தானே, உங்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அகப்பையும் கையுமாக வந்து நின்றீர்கள்.

“ஏன் தம்பி, உங்க பேரச் சொல்லலன்னு அடிக்கிறீங்களா? சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டீங்களா?”

அவர் ஓங்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். நீங்கள் தரையில் சிந்திய சோற்றை என்னோடு சேர்ந்து அள்ளினீர்கள். அள்ளிக்கொண்டே சிரித்தீர்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். வழி கிடைத்துவிட்டது என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பெரட்டில் கிராணி மறுபடியும் விசாரிக்க வந்தார். உங்கள் முன்னால் நின்றார். நீங்கள் முந்தானையைச் சரி செய்துகொண்டு, சண்டைக் குரல் இல்லாமல், கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்.

“ஐயா, அவங்க பேர நாங்க சொல்லக்கூடாது. எங்க பேரக் கேளுங்க. அதச் சொல்லக்கூடாதுன்னு எந்தச் சாமியும் சொல்லல.”

கங்காணிதான் முதலில் பேசினார், பொம்பிளை பேரைப் பத்துப் பேர் நடுவில் கூவுவதா, மானமுள்ளவன் பொறுப்பானா என்று. ஆம்பிளைகள் பக்கம் முணுமுணுப்பு. எல்லோரும் மூத்தாரைப் பார்த்தார்கள். அவர் உங்களை மாதிரிப் பேசத் தெரிந்தவர் இல்லை. கால் கட்டை விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை அதட்டினால் அன்றோடு முடிந்தது.

“அவ பேரு நல்ல பேருதானுங்களே ஐயா. கூப்பிடுங்க” என்றார்.

கிராணி சிரித்துவிட்டார். “அது சரிதானே, எனக்கும் லேசு” என்று உங்கள் பேரைக் கேட்டு எழுதினார். அப்புறம் வரிசையாக எல்லோரிடமும்.

அதற்கடுத்த விடியலில் இருட்டில் ஒரு குரல் “காத்தாயி” என்றது. நான் திரும்பிப் பார்த்தேன், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று. அந்தப் பேரைக் கடைசியாகக் கேட்டது எங்கள் ஊர் எல்லையில், வண்டிக்குப் பின்னால் ஓடி வந்த என் அம்மா வாயில். கடல் தாண்டி அது என்னோடு வந்ததாகவே எனக்குத் தெரியாது. நீங்கள் முழங்கையால் இடித்தீர்கள்.

“உன்னத்தான் புள்ள.”

“வந்தேன் ஐயா” என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு என் மர நிரைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காத்தாயி வந்தாள். காத்தாயி மரம் வெட்டுகிறாள்.

குழாயடியில் பேச்சு வாங்கினோம். கங்காணி சம்சாரம் குடத்தை நகர்த்தி வைத்து, “பேரு வச்ச மகாராணிங்க வர்றாங்க, வழி விடுங்கடி” என்றாள். நீங்கள், வழியெல்லாம் வேண்டாம், பேரைச் சொல்லிக் கூப்பிடு, அது போதும் என்று சொல்லிக் குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்தீர்கள். சில பொம்பிளைகளுக்குப் பிடிக்கவில்லை, ஆம்பிளைகள் நடுவில் தங்கள் பேர் அடிபடுவது கூச்சமாக இருக்கிறது என்று பழையபடியே கூப்பிடச் சொன்னார்கள். அவர்களோடு சண்டைக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. “அவங்களுக்குப் புடிச்சத அவங்க வச்சுக்கட்டும். கேட்டுட்டுக் கூப்பிடணும், அவ்வளவுதான்” என்றீர்கள்.

ஒரு நாள் உங்களை மடக்கினேன். இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் மட்டும் மூத்தார் பேரைச் சொல்லாமல் “இந்தாங்க” “இந்தாங்க” என்றுதானே காலம் தள்ளுகிறீர்கள், அது என்ன ஞாயம் என்று. மங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே சொன்னீர்கள்.

“அது நானா வச்சுக்கிட்டது. இது அவங்களா வச்சது.”

இந்தப் பேச்சு எனக்கு அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை உங்கள் கொழுந்தனார் புரிய வைத்தார்.

கித்தாப் பாலுக்கு நல்ல விலை இருந்த காலம். ஆள் போதாமல் தோட்டத்துக்குத் தோட்டம் இழுப்பு. மெர்சிங் பக்கம் புதுத் தோட்டம் திறக்கிறார்கள், பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினார். மகள் அப்போது, வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற ஆயாக் கொட்டகையில் தவழ்கிற பிள்ளை. அவர் திரும்பி வரவில்லை. அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் என்று வண்டிக்காரக் கிழவர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார், சொல்லிவிட்டுத் தன் தப்பு போல அழுதார். நான் அழவில்லை. எனக்குச் செல்லி ஞாபகம் வந்தது, வாளியோடு நின்ற செல்லி.

உங்கள் கொழுந்தனார் பேரைப் புத்தகத்திலிருந்து எடுத்த மறுநாள் பெரட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நீங்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். வரிசையில் நின்றோம். பேர்கள் போய்க்கொண்டே இருந்தன. உங்கள் கொழுந்தனார் பேர் வரவேண்டிய இடம் வந்தது. தாண்டிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“காத்தாயி.”

“வந்தேன் ஐயா.”

கங்காணி குறுக்கே வந்து, அவள் ஆள் ஓடிப் போய்விட்டானே என்றார். கிராணி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“புருசன் போனா இவவின்ர பேரும் போகுமோ? ஆள் இதில நிக்கிறாதானே.”

எத்தனை பேர் நின்றார்களோ, எனக்கு உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினீர்கள்.

கங்காணி விடவில்லை. சாயங்காலம் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். மேற்கு வரிசை லயத்துக்காரர், பெண்சாதி செத்து இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தவர். வீட்டுக்கு ஆம்பிளை வேண்டும், இவருக்கு அடுப்புக்கு ஆள் வேண்டும், சேர்ந்து இருந்துகொள்ளுங்கள் என்றார். கெட்டது சொல்வதாக அவருக்கு நினைப்பில்லை. அதுதான் வழக்கம். அவர் என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. உங்களையும் மூத்தாரையும் பார்த்துச் சொன்னார், நீங்கள்தான் மூத்தவர்கள் என்று.

நீங்கள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக நீங்கள் பேசுவீர்கள், கங்காணியை ஓட ஓட விரட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். அகப்பையோடு வந்தவராயிற்றே. நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

“எங்கிட்ட என்னாத்துக்குக் கேக்குறீங்க? அவளக் கேளுங்க. பேருதான் தெரியும்ல?”

எனக்குத் திக்கென்றது. உங்கள் மேல் கோபம்கூட வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு ஆம்பிளையிடம் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. கங்காணி சுற்றுமுற்றும் பார்த்தார், என் பேரை வாயில் எடுக்க அவருக்கு அவ்வளவு கஷ்டம். கடைசியில் கேட்டார்.

“என்னா காத்தாயி, என்னா சொல்ற?”

“மாட்டேங்க” என்றேன்.

எவ்வளவு சின்னக் குரல். ஆனால் என் குரல். அந்த மனுஷர் அதுவரைக்கும் தலை குனிந்து நின்றவர், பெரிய மூச்சு விட்டார். “எனக்கும் கேக்காமத்தான் கூட்டியாந்தாரு தங்கச்சி” என்றார். நீங்கள் சிரித்தீர்கள், மூத்தார் சிரித்தார், எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. கங்காணி மட்டும் ஊருக்கு நல்லது செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். வீட்டை யாரும் எடுக்கவில்லை. மரம் வெட்டுகிற கையை வெளியே அனுப்பத் தோட்டத் துரைக்கு மனசில்லாத காலம். அந்த வீட்டில்தான் மகளை வளர்த்தேன். அதே வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் எனக்காகப் பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன் அக்கா. ஆனால் அடுத்த முறைக்கும் உங்கள் வாயைத்தான் பார்த்திருப்பேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு வருஷங்கள் ஆயின.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தது மரமெல்லாம் இலை உதிர்த்த சமயம். முதலில் வழக்கமான குளிர்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கசப்பு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் பகலில் இருந்தேன், ராத்திரிக்கு மூத்தார். ஒரு காலையில் நான் கஞ்சி கொண்டுபோனேன். அவர் வெளியே படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். எல்லாம் முடிந்துவிட்டதோ என்று கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினார்.

“அவ எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாம்மா” என்றார்.

இவ்வளவு காலம் கூட வாழ்ந்த மனுஷர், தன் பேர் உங்கள் வாயில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். காய்ச்சல் பிதற்றலில் சொன்னீர்களா, தெரிந்தேதான் சொன்னீர்களா அக்கா. நீங்களாக வைத்துக்கொண்டதை நீங்களாக எடுத்துவிட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். மூத்தாரிடமும் அப்படித்தான் சொன்னேன். அன்று வெயில் சாய்வதற்குள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டுக்குப் போனேன். மூத்தாரும் வந்தார், வீட்டில் இருக்க முடியவில்லை என்று. அதே கிராணிதான், தலை நரைத்துவிட்டது. பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் உங்கள் பேர் வரும் இடத்தில் நின்றார். பிறகு அடுத்த பேருக்குப் போனார். எனக்குத் தாங்கவில்லை. வரிசையை விட்டு முன்னால் வந்தேன்.

“ஐயா, அக்கா பேரையும் ஒரு தரம் கூப்பிடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் பேரைக் கூப்பிட்டார், என்றைக்கும் கூப்பிடுகிற அதே குரலில், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து மூத்தார் சொன்னார்.

“அவ இல்லீங்க ஐயா.”

அதற்குப் பிறகு நாங்கள் காட்டுக்குப் போனோம். உங்கள் நிரையை இப்போது ஒரு புதுப் பெண் வெட்டுகிறாள். பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டுகிறாள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். மூத்தார் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். குழம்பில் உப்புக் கூடினாலும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது மகள் விஷயம். நேற்று குளுவாங்கிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், கங்காணி சம்சாரம்தான் கூட்டி வந்தாள். மகனுக்கு ரயிலில் வேலையாம், குடிப்பழக்கம் இல்லையாம், நம் பிள்ளையை மாரியம்மன் திருவிழாவில் பார்த்திருக்கிறார்களாம். நல்ல குடும்பமாகத் தெரிகிறது. எனக்குச் சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இந்தக் காட்டில் இருட்டோடு எழுந்து கொசுக்கடியில் நிற்காமல் என் பிள்ளை ரயில்வே கொடுக்கிற வீட்டில் இருப்பாள் என்று நினைத்தால் எந்தத் தாய்க்கு வராது. அந்த அம்மா மூத்தாரைப் பார்த்தார். மூத்தார் என்னைப் பார்த்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டேன் அக்கா. கங்காணியிடம் மாட்டேன் என்று சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்களே, அப்போது உங்கள் மனசும் இப்படித்தான் அடித்துக்கொண்டதா. நான் விரட்டிவிடுகிறேன் என்று உங்களுக்கும் வாய் வரைக்கும் வந்ததா.

“என்னக் கேக்காதீங்க. அவளக் கேளுங்க” என்றேன்.

கங்காணி சம்சாரம் பழைய குழாயடிப் பார்வை பார்த்தாள். மகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். இன்றைக்கு மழை, மழை விட்டதும் சொல்கிறேன் என்கிறாள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து ஜாடையாகக்கூடக் கேட்கவில்லை. அதற்குத்தான் பெட்டியை இழுத்தேன், அதற்குத்தான் இந்தக் கடுதாசியும். வாயைக் கட்ட வேறு வழி தெரியவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் தலைத்துணியை எடுத்து முகர்ந்தாள், மூக்கைச் சுளித்தாள், ஆனால் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து நீவிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்மா, அவங்க பேரு என்னா?”

யார் பேர் என்றேன்.

“அந்தக் குளுவாங்காரங்க. நேத்துப் பூரா என் மகன், உங்க மாப்பிள்ளை, ரயில்வேக்காரர்னே பேசுனாங்க. பேர யாரும் சொல்லல. பேரு தெரியாம நான் எப்படி யோசிக்கிறது?”

எனக்கும் தெரியாது அக்கா. கேட்கவே தோன்றவில்லை. அவ்வளவு நேரம் உட்கார்ந்து, காப்பி குடித்து, குலம் கோத்திரம் எல்லாம் பேசினோம், அந்தப் பையன் பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டில் மூத்தார், என்ன சத்தம் என்று பலகையைத் தட்டினார்.

பையனை வரச் சொல்லி ஆள் அனுப்பப் போகிறேன். அவனே வந்து அவன் பேரை இவளிடம் சொல்லட்டும். இவளும் இவள் பேரைச் சொல்வாள். அதற்குமேல் அவர்கள் பாடு.

மழை விடுகிறது. கூரையில் சத்தம் குறைந்துவிட்டது. நாளைக்கு மரம் வெட்டு இருக்கும், இருட்டோடு என் பேரைக் கூப்பிடுவார்கள். உங்கள் தலைத்துணியைத் துவைக்கப் போவதில்லை. அதைத்தான் கட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

வந்தேன் அக்கா,
காத்தாயி